மெலிந்த பொருளில் நிலைத்த மரை

அறிவு தடுமாறிப் பேசுகிறவனைப் பார்த்து, "இவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று சொல்வது தமிழ் மக்களின் பேச்சு வழக்கு. மரை என்பது திருகாணியின் உடலைச் சுற்றி ஏறிச் செல்லும் வரம்பு. அவ்வாணியை ஏற்றுக்கொள்ளும் துளையின் உட்புறத்தே அதற்கு ஒத்து அமைந்த வரம்பும் மரையே. பள்ளிப் பாடநூல்கள் இதனைப் 'புரி' என்கின்றன. திருகு அளவியைக் கற்பிக்கும் ஆசிரியர் 'புரியிடைத் தூரம்' என்று சொல்வது, இதன் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவையே ஆகும். பொற்கொல்லரோ, தோட்டின் தண்டின்மீது ஏறி அதைப் பிடித்துக்கொள்ளும் சிறு குழலைச் 'சுரை' என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. சாய்தளம் ஒன்றை உருளையின்மீது சுற்றி வைத்தால் அதுவே மரை.

எஃகில் வெட்டிய மரை பல்லாண்டு நிலைக்கும். ஆனால் மனிதன் கையாளும் பொருள்கள் யாவும் எஃகு அல்ல. மரம் நாரின் போக்கில் பிளக்கும், கண்ணாடி நொறுங்கும், சுண்ணச் சுவர் பொடியாக உதிரும், தங்கம் தேயும். இத்தகைய பொருள்களிலும் கழற்றவும் மாட்டவும் கூடிய பிணைப்பு வேண்டியிருக்கிறது. அப்படியாயின் மெலிந்த பொருளில் மரையை நிலைக்கச் செய்வது எவ்வாறு?

இக்காலத்தில் 'ரெசின்' என்னும் செயற்கைப் பிசினால் மாதிரி உருக்களைச் செய்வோர் நாள்தோறும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். இயந்திரத்தின் மாதிரி, மனித உடலுறுப்பின் மாதிரி, கப்பலின் மாதிரி என இவை பள்ளிகளிலும் கண்காட்சிகளிலும் இடம் பெறுகின்றன. பார்வைக்கு இவை அழகியவை; நுண்ணிய கோடுகளையும் தவறாமல் காட்டுபவை. ஆயினும் ஒரு திருகாணியை நான்கு முறை கழற்றி மாட்டினால் துளையின் விளிம்பு வெடிக்கிறது. உரு முழுவதும் நன்றாக இருக்க, ஒரு சிறு துளை கெட்டதால் அதைக் குப்பையில் எறிய நேர்கிறது. கேள்வி இன்றைக்கு உரியது போலத் தோன்றினும், அதற்கான விடை ஈராயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்து வந்ததாகும்.

மரத்தில் வெட்டிய மரை

கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், இயந்திரங்களைப் பற்றி 'மெக்கானிக்கா' என்றொரு நூல் இயற்றினார். 9ஆம் நூற்றாண்டில் குஸ்தா இபின் லூக்கா என்பவர் செய்த அரபு மொழிபெயர்ப்பே அந்நூலை உலகுக்குக் காத்துக் கொடுத்தது. ஒலிவக் காய்களையும் திராட்சைப் பழங்களையும் பிழியும் திருகு ஆலைகள் அதில் விளக்கப்பட்டுள்ளன. மரக்கட்டையில் இட்ட துளையின் உட்புறத்தே மரை வெட்டுவதற்கான கருவி ஒன்றையும் ஹீரோன் விவரித்திருக்கிறார். வெளிமரையைக் கையாலும் அரத்தாலும் செதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத உள்மரையை வெட்டுவதே கடினம். அக்கடினத்தை அன்றே ஒருவாறு வென்றிருந்தனர்.

அந்த ஆலைகளின் மரை பெருந்தூண் போன்ற கட்டையில் வெட்டப்பட்டது. அதன் வரம்பு தடித்தது, முனை மழுங்கியது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அமைத்த அச்சு இயந்திரமும் இத்தகைய மரத்திருகினால் இயங்கியதே ஆகும். இவற்றைச் செய்த தச்சர்கள் பொருளின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் மரம் எவ்வளவு தாங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. மெலிந்த பொருளில் மரை வெட்ட வேண்டுமாயின் அதனைப் பெரிதாகவும் மழுங்கலாகவும் வெட்டுக என்பது அவர்கள் விட்டுச் சென்ற முதற் பாடம். வரம்பு தடித்திருந்தால் சுமை பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்ளப்படும். கூரிய மூலை இல்லாவிடின் வெடிப்புத் தொடங்குவதற்கு இடமிராது.

மரத்தில் இறங்கும் இரும்புத் திருகாணியின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அதற்குக் கூர்முனை கிடையாது. தச்சர் முன்னதாகவே துளையிட்டு, மொட்டை முனையுடைய ஆணியை அதில் செலுத்துவர். 1846இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் என்பவர் கூர்முனைத் திருகாணிக்கு உரிமம் பெற்றார். 1854இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நெட்டில்போல்டும் சேம்பர்லினும் அம்முறையை மேற்கொண்டு பெருந்தொழில் நடத்தினர். கூர்முனை ஆணி தன் மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது. மரம் சற்று நசுங்கி இடங்கொடுக்கும் இயல்புடையது. ஆகவே இது மரத்துக்குப் பொருந்தும். நசுங்க மறுத்து வெடிக்கும் பொருளுக்கு இது பொருந்தாது. இவ்வேறுபாட்டை மறந்தவர்களே பிற்காலத்தில் ரெசின் உருக்களை உடைத்தனர்.

கண்ணாடி கற்பித்தது

வெடிக்கும் பொருள்களுள் முதன்மையானது கண்ணாடி. 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நியூயார்க் நகரத் தகரக் கொல்லராகிய ஜான் லேண்டிஸ் மேசன், கழுத்தில் மரையுள்ள கண்ணாடிச் சாடிக்கு உரிமம் பெற்றார். பழங்களையும் காய்களையும் கெடாமல் அடைத்து வைக்க அது பயன்பட்டது. அதன் மரை உருண்டையானது, ஆழம் குறைந்தது, ஓரிரு சுற்றோடு முடிவது. வெட்டி எடுக்கப்பட்டதும் அன்று. உருகிய கண்ணாடியை அச்சில் ஊதும்போதே அமைந்தது. இன்று கடையில் வாங்கும் ஊறுகாய்ப் போத்தலின் கழுத்தைத் தடவிப் பார்த்தால் அதே வடிவத்தைக் காணலாம். தச்சரின் பழைய பாடத்தைக் கண்ணாடிக்கு ஏற்றபடி சொன்னது இது.

அடுத்த படி மின்விளக்கோடு வந்தது. 1880களின் தொடக்கத்தில் தாமஸ் ஆல்வா எடிசனும் அவருடைய துணைவர்களும் மின்விளக்கைப் பொருத்தவும் கழற்றவும் எளிய வழி ஒன்றைத் தேடினர். விளக்கின் குமிழ் காற்று நீக்கப்பட்ட மெல்லிய கண்ணாடி. அதில் மரை வெட்டுவது இயலாது. அச்சில் வார்த்தாலும் முறுக்கும்போது உடையும். அவர்கள் கண்ட வழி இது: மெல்லிய பித்தளைத் தகட்டில் உருண்டையான மரையை அழுத்தி ஓர் உறையாகச் செய்து, அவ்வுறையைக் குமிழின் அடியில் சாந்து வைத்து ஒட்டினர். தொடக்கத்தில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்னும் சுண்ணச் சாந்து அதற்குப் பயன்பட்டது. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த எடிசன் மரை இன்றும் உலகின் பல நாடுகளில் வழங்கி வருகிறது.

இதில் பொதிந்துள்ள கருத்து சிறிதன்று. கண்ணாடி இங்கே மரையைத் தாங்கவில்லை. மரையைத் தாங்கிய பித்தளையை மட்டும் தாங்கியது. தேய்மானமும் முறுக்கும் பித்தளையின் பங்கு. கண்ணாடிக்கு உரியது பரந்த ஒட்டுப் பரப்பின் வழியே சிறிது சிறிதாக வந்து சேரும் சுமை மட்டுமே. மெலிந்த பொருளுக்கு மரையை இரவல் வாங்கிக் கொடுக்கலாம் என்பது வரலாறு கற்பித்த இரண்டாவது பாடம்.

இரவல் மரைக்கு ஒரே அளவு

இரவல் வாங்கிய மரை எந்த ஆணிக்கும் பொருந்த வேண்டுமாயின், ஆணிகளின் அளவு ஒன்றுபட்டிருக்க வேண்டும். அந்த ஒற்றுமை வந்த வழியை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் ஆணியில் ஏறாது. மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்ற ஜோசப் விட்வொர்த், இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்தும் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டார். 1841இல் பொதுப்பணிப் பொறியாளர் கழகத்தின் முன் ஒரே முறையான மரை அளவை அவர் எடுத்துரைத்தார். 55 பாகைக் கோணமும், உருட்டப்பட்ட முகடும் பள்ளமும் அம்மரையின் இலக்கணம். 1864இல் அமெரிக்கராகிய வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிதான 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். 1898இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு மீட்டர் முறை மரைக்கும் 60 பாகையையே கொண்டது.

மாதிரி உருக்களைச் செய்வோருக்கு இவற்றினும் நெருங்கியது 1884இல் பிரிட்டிஷ் சங்கம் வகுத்த 'பி.ஏ.' மரை. கருவிகளிலும் தந்திப் பொறிகளிலும் பயன்படும் சிறு ஆணிகளுக்காக இது வகுக்கப்பட்டது. இதில் 0 எண் ஆணியின் விட்டம் 6 மில்லிமீட்டர். புரியிடைத் தூரம் 1 மில்லிமீட்டர். எண் ஒன்று கூடுந்தோறும் புரியிடைத் தூரம் முந்தியதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டு போகும். இங்கிலாந்தில் சிறு நீராவி இயந்திர மாதிரிகளைச் செய்தவர்கள் இம்மரையைப் பெரிதும் விரும்பினர்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஆணி பிரிட்டிஷ் நட்டில் ஏறாமையால் பட்ட தொல்லைக்குப் பின், 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றுபட்ட மரை அளவுக்கு உடன்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் தோன்றிய அனைத்துலகத் தர நிறுவனத்தின் முதல் எண் பெற்ற குழு திருகு மரைகளுக்கானது என்பது கருதத்தக்கது. ஆயிரக்கணக்கான பொருள்களுக்குத் தரம் வகுக்கப் புறப்பட்டவர்கள் தம் பட்டியலின் தலையில் மரையை வைத்தனர்.

ரப்பர்ப் பாலும் பேக்லைட்டும்

அச்சில் வார்த்து எடுக்கக்கூடிய செயற்கைப் பொருள்களின் காலம் ரப்பரோடு தொடங்கியது எனலாம். ரப்பருடன் சிறிதளவு கந்தகம் சேர்த்துக் காய்ச்சினால் அது நெகிழ்ந்து மீளும். நூற்றுக்கு முப்பது பங்களவு கந்தகம் சேர்த்து நெடுநேரம் காய்ச்சினால் கருங்காலி மரம்போல் இறுகிவிடும். இதற்கு 1851இல் நெல்சன் குட்இயர் அமெரிக்காவில் உரிமம் பெற்றார். கருங்காலியின் ஆங்கிலப் பெயரை ஒட்டி 'எபோனைட்' என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் தென்னமெரிக்கக் காடுகள் தந்த ரப்பரே இதற்குப் பயன்பட்டது. 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயாவில் பெருந்தோட்டங்களாகப் பரந்தபின், தமிழர் கைகள் சேகரித்த பாலும் உலகத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது.

எபோனைட்டில் செய்த ஊற்றுப் பேனாவின் மூடியில் மரை உண்டு. பேனாவின் உடல் அகன்றது. மரை ஆழம் குறைந்தது. அதைத் திருகுவது விரல்களே. ஆகவே எபோனைட்டிலேயே வெட்டிய மரை அங்கே நெடுநாள் உழைத்தது. வானொலிப் பெட்டியின் முகப்புப் பலகையும் எபோனைட்டால் செய்யப்பட்டது. ஆனால் மின்கம்பியை இறுக்கும் சிறிய ஆணிக்கு அதில் வெட்டிய மரை போதவில்லை. அங்கே பித்தளை முனையங்களை ஊடுருவச் செய்து, பின்புறத்தில் நட்டு இட்டு முடுக்கினர்.

பெல்ஜிய நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாந்து, அரக்குக்கு மாற்றான ஒரு பொருளைத் தேடி ஆய்வு செய்தார். அரக்கு அப்போது பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. பூச்சிகள் சுரந்து தரும் அப்பொருள், மின்தொழில் வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1907இல் பேக்லாந்து பீனாலையும் பார்மால்டிஹைடையும் கலந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்து புதிய பொருளைக் கண்டார். 1909இல் உலகுக்கு அறிவித்தார். அதுவே பேக்லைட். பழைய வீடுகளில் இருந்த கறுப்பு நிற மின்விசைகளும் தொலைபேசிகளும் இதனால் ஆனவை.

பேக்லைட்டின் இயல்பு இருவகையாக முக்கியமானது. முதலாவது, ஒருமுறை இறுகியபின் எவ்வளவு சூடேற்றினாலும் அது மீண்டும் உருகாது. மேலும் சூடேற்றினால் கருகும். இரண்டாவது, அது நொறுங்கும் தன்மையுடையது. அதில் வெட்டிய நுண்ணிய மரை பலமுறை திருகினால் பொடியாகும். ஆனால் மின்கருவிகளிலோ கம்பியை இறுக்கும் திருகாணி இன்றியமையாதது. ஆகவே தொழிற்சாலையில், அச்சுக்குள் உள்மரையுடைய பித்தளைச் சிமிழ்களை முன்னதாகவே நிறுத்தி, அவற்றைச் சுற்றிப் பேக்லைட்டை இறுகச் செய்தனர்.

பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அது கடைசலுக்கு எளியது, துருப்பிடிக்காதது, மின்சாரத்தை நன்கு கடத்துவது. சிமிழின் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் ஆணியோடு சேர்ந்து அதுவும் சுழலும். அதைத் தடுக்க நெடுக்காகக் கீறல்கள் இட்டனர். ஆணியை இழுக்கும்போது சிமிழ் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க அதன் இடையைச் சுற்றிப் பள்ளம் வெட்டினர். நெடுங்கீறல் சுழற்சியைத் தடுக்கும். சுற்றுப்பள்ளம் இழுப்பைத் தடுக்கும். எடிசன் விளக்கில் வெளியே ஒட்டிய இரவல் மரை, பேக்லைட்டில் உள்ளே புதைந்து வேரூன்றியது.

சுவரும் விமானமும்

ஏறத்தாழ அதே காலத்தில் கட்டடத் தொழிலிலும் இக்கருத்து முளைத்தது. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களில், சுவருக்குக் கேடு விளையாதவாறு மின்பொருத்துகளை அமைக்க வேண்டியிருந்தது. அப்பணியை ஏற்ற ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழல் செய்தார். துளையில் அக்குழலை வைத்து அதனுள் திருகாணியைச் செலுத்தினால், நார் விரிந்து துளையின் சுவரை நான்கு புறமும் அழுத்திக்கொள்ளும். இதற்கு 1911இல் உரிமம் பெற்றார். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் நைலான் குழலைக் கொண்டு வந்தார். இன்று வீட்டுச் சுவரில் படம் மாட்டும் ஒவ்வொருவரும் இவ்விருவருக்கும் கடன்பட்டவர்களே. இழுக்கும் விசையைப் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றியதே இவர்கள் செய்த நுட்பம். செங்கல்லும் சுண்ணமும் இழுப்பைத் தாங்கா. அழுத்தத்தை நன்கு தாங்கும்.

உயிர்களின் பாதுகாப்பே இம்மரையில் தங்கியிருந்த இடம் விமானம். 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் பொருத்திய இயந்திரத்தின் கூடே அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. எடை குறைய வேண்டுமாயின் அலுமினியம் வேண்டும். ஆனால் அலுமினியம் எஃகினும் மென்மையானது. தீப்பொறிச் செருகியைப் போன்ற உறுப்புகளை அடிக்கடி கழற்றி மாட்டினால் அதன் மரை உரிந்துவிடும். மேலும், ஆணியை முடுக்கும்போது எல்லாச் சுற்றுகளும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. சாதாரண நட்டில் முதற்சுற்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. மென்மையான பொருளில் அந்த முதற்சுற்று முதலில் அழியும், பிறகு அடுத்தது, இவ்வாறு வரிசையாகப் போகும்.

1930களில் அமெரிக்காவில் இதற்குக் கண்ட மருந்து, கம்பிச் சுருள். சாய்சதுர வடிவக் குறுக்குவெட்டுடைய உறுதியான கம்பியைச் சுருளாகச் சுற்றுவர். துளையைச் சற்றுப் பெரிதாக்கி மரை வெட்டி, அதில் இச்சுருளைச் செலுத்துவர். சுருளின் விட்டம் துளையினும் சிறிது பெரிதாதலால், உள்ளே சென்றதும் அது விரிந்து பிடித்துக்கொள்ளும். சுருளின் வெளிமுகம் அலுமினியத்தில் பதியும். உள்முகம் ஆணிக்கு மரையாகும். கம்பி நெகிழ்வுடையதால் முதற்சுற்றின் சுமையில் ஒரு பகுதி அடுத்த சுற்றுகளுக்கும் சென்று சேர்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமான இயந்திரங்களில் இது பெரிதும் பயன்பட்டது. மரை கெட்டுப்போன விலையுயர்ந்த வார்ப்பையும் இதனால் மீட்க முடிந்தது. புதிதாகச் செய்வதற்கு வந்த உத்தி, பழுதானதைக் காப்பதற்கும் உதவியது.

ரெசின் உருக்களின் காலம்

ரெசின் என்பது பிசினுக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர். மலாய்க்காரர் 'டாமார்' என்றும் தமிழர் குங்கிலியம் என்றும் சொல்வது இயற்கைப் பிசின். செயற்கைப் பிசின்கள் 1930களிலிருந்து பெருகின. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பையர் பாலியூரித்தேனைக் கண்டார். எபாக்சிப் பசை 'அரால்டைட்' என்ற பெயரில் 1946இல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. அச்சில் ஊற்றி வார்க்கும் ரெசினைக் கொண்டு 1980களில் ஜப்பானியர் சிறு தொகையில் நுண்ணிய உருக்களைச் செய்யத் தொடங்கினர்.

அதே பத்தாண்டில் மற்றொரு வழியும் திறந்தது. ஒளி பட்டால் இறுகும் ரெசினை அடுக்கடுக்காகக் கட்டி உருவாக்கும் முறையை ஜப்பானில் கொடாமா ஹிடெயோ முதலில் விளக்கினார். அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் உரிமம் பெற்றார். இன்று இவ்வியந்திரம் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்த ரெசின் உருவில் நேரடியாக மரை அமைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 3 மில்லிமீட்டர் ஆணியின் வழக்கமான புரியிடைத் தூரம் அரை மில்லிமீட்டர். அதன் வரம்பின் உயரமோ கால் மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். ஓர் அடுக்கின் தடிப்பு 0.05 மில்லிமீட்டர் எனில், ஒரு முழுச் சுற்றுக்கு உரிய ஏற்றம் பத்தே அடுக்குகளில் அடங்கிவிடும். நொறுங்கும் பொருளில் அவ்வளவு மெல்லிய வரம்பு, எஃகு ஆணியின் கூரிய விளிம்போடு எத்தனை நாள் போரிடும்? மரத்துக்குரிய தானே வெட்டும் ஆணியைச் செலுத்தினாலோ, அது ஆப்பைப்போல் பக்கங்களைத் தள்ளி உருவை இரண்டாகப் பிளந்துவிடும்.

இங்கே மறதி ஒன்றும் நேர்ந்தது. உருகும் பிளாஸ்டிக்கால் அடுக்கு உருக்களைச் செய்வோர், பித்தளைச் சிமிழைப் பற்றுக்கோலால் சூடாக்கித் துளையில் அழுத்துவர். பிளாஸ்டிக் இளகிக் கீறல்களுக்குள் பாய்ந்து, ஆறியபின் இறுகப் பிடித்துக்கொள்ளும். நல்ல முறையே. ஆனால் அதே சூட்டுக்கோலை ஒளியால் இறுகிய ரெசினில் வைத்தால், அது இளகுவதற்கு மாறாகக் கருகி வெடிக்கும். காரணம், அது பேக்லைட்டின் இனத்தைச் சேர்ந்தது. ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாதது. பேக்லைட் தொழிலாளர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்த இவ்வுண்மையை, புதிய கருவியைக் கையில் எடுத்தவர்கள் உருக்களை உடைத்த பின்னரே கற்றனர்.

ரெசினுக்கு ஏற்ற வழி, முன்னோர் வழிகளின் கூட்டே ஆகும். சிமிழின் வெளிவிட்டத்தினும் சற்றே அகலமான துளையை உருவில் அமைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் இறுகாத ரெசினைச் சாராயத்தால் கழுவி, துளையின் சுவரைச் சொரசொரப்பாக்கி, எபாக்சிப் பசை இட்டுச் சிமிழை நேராக நிறுத்த வேண்டும். அதே ஒளி ரெசினையே பசையாகப் பயன்படுத்துவது தவறு. உலோகத்தின் பின்புறத்துக்கு ஒளி செல்லாது. அங்கே ரெசின் ஈரமாகவே நிற்கும். ஆணியில் சிறிது மெழுகு தடவிச் சிமிழில் மாட்டி வைத்தால் பசை மரைக்குள் புகாது.

ஆணியின் விட்டம் 3 மில்லிமீட்டர், சிமிழின் வெளிவிட்டம் 5 மில்லிமீட்டர் என்று கொள்க. ஒரே ஆழத்தில் ரெசினுக்குக் கிடைக்கும் பிடிப்புப் பரப்பு மூன்றுக்கு ஐந்தாகப் பெருகுகிறது. அதனினும் பெரிய நன்மை, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தேய்வது ரெசின் அன்று, பித்தளை என்பதே. சிமிழைச் சுற்றிப் போதிய சதைப்பற்று வேண்டும். துளையைத் தாங்கும் திரட்சியின் விட்டம் சிமிழினுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருப்பது நலம். எபாக்சி போன்ற பிசின்கள் வெப்பத்தால் பித்தளையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். சுவர் மெலிந்திருந்தால் சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது அது வெடித்துவிடும்.

சிமிழின் முகம் உருவின் மேற்பரப்போடு சமமாக நிற்பதும் இன்றியமையாதது. அது தாழ்ந்து நின்றால், ஆணியை முடுக்க முடுக்கச் சிமிழ் மேலே இழுக்கப்பட்டுப் பிடுங்கிக்கொள்ளும். இடம் இருப்பின் இதனினும் உறுதியான ஒரு முறை உண்டு. உருவின் பின்புறத்தில் அறுகோணக் குழி ஒன்றை அமைத்து, அதில் சாதாரண நட்டை வைத்து, முன்புறத்திலிருந்து ஆணியை முடுக்குவதே அது. அப்போது நட்டு ரெசினைப் பின்னிருந்து அழுத்துகிறதேயன்றி இழுப்பதில்லை. நொறுங்கும் பொருள்கள் இழுப்புக்கு அஞ்சும், அழுத்தத்துக்கு அஞ்சா. எபோனைட் பலகையின் பின்னே நட்டு இட்டவர்கள் செய்ததும் இதுவே.

வரலாறு சொல்வது

ஹீரோன் காலத்து ஆலையிலிருந்து மேசைமேல் உருவாகும் ரெசின் உரு வரையில் தொடர்ந்து பார்த்தால், நெறிகள் மூன்றே தெரிகின்றன. இயன்றால் மரையைப் பெரிதாகவும் மழுங்கலாகவும் அமைக்க வேண்டும். இயலாவிடின் வலிய பொருளிலிருந்து மரையை இரவல் பெற்று, அதைப் பரந்த பரப்பில் பதிக்க வேண்டும். இழுக்கும் விசையைக் கூடியவரை அழுத்தும் விசையாக மாற்ற வேண்டும். புதிய பொருள் ஒன்று தோன்றும்போதெல்லாம் இம்மூன்றும் மறக்கப்பட்டு, பல பொருள்கள் உடைந்தபின் மீண்டும் நினைவுக்கு வந்துள்ளன.

அறிவியல் பாடத்தில் திருகை எளிய பொறிகளுள் ஒன்றாகக் கற்பிக்கிறோம்; சாய்தளத்தின் கணக்கோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தத் திருகைத் தாங்கும் பொருளின் இயல்பையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தால் பாடம் நிறைவு பெறும். ஊறுகாய்ப் போத்தலின் கழுத்து, மின்விளக்கின் அடிப்பகுதி, பழைய மின்விசையின் உட்புறம், சுவரில் பதித்த குழல் ஆகிய நான்கும் எந்த வகுப்பறைக்கும் கிடைக்கக் கூடியவை. அவற்றை வரிசையாக மாணவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சுமையைத் தாங்குவது எது, தேய்வது எது என்று கேட்கலாம். அவ்வாறு கேட்டுப் பழகிய மாணவன், துளை வெடித்த மாதிரி உருவைக் குப்பையில் எறிவதற்கு முன், அத்துளையைச் சற்று அகலமாக்கி அதில் ஒரு பித்தளைச் சிமிழை ஒட்ட முனைவான்.